ஒரு பாட்டில், ஒரு மோல்

லூசி டீச்சர் அந்த மேடையில் ஏறச் சம்மதித்தது கணவன் சாமுவேலின் முகத்துக்காகத்தான். பத்து வருடம் டைல்ஸ் கடையில் வேலை பார்த்தவன், அதை விட்டுவிட்டு ‘ராஜகிரி தங்கநீர்’ கம்பெனிக்குச் செஞ்சி ஏஜென்ட் ஆகியிருந்தான். கோட்டை ராஜாக்கள் குடித்த தண்ணீர் என்று விளம்பரம். பாட்டிலில் கோட்டைப் படம். அதன் கீழே, ‘ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு லட்சம் கோடி தங்க அணுக்கள்!’

கம்பெனி முதலாளி இளவரசன், அவலூர்பேட்டைக்காரர். திருவண்ணாமலை ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்துக் கூட்டம் போட்டார். பதினொன்றாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிற லூசியைச் சிறப்பு விருந்தினர் என்று பேனரில் போட்டுவிட்டார்.

மேடையில் உட்கார்ந்தபடியே லேபிளைப் படித்த லூசி மனக்கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

“இது ஏமாத்து வேல,” என்றாள் மெதுவாக.

“மைக்ல சொல்லிடாத லூசி. மானம் போயிடும்,” என்றான் பக்கத்து நாற்காலியில் இருந்த சாமுவேல்.

அவள் மைக்கில்தான் சொன்னாள்.

“பன்னெண்டு பழம் சேந்தா ஒரு டஜன். அதே மாதிரி அணுவ எண்ணுறதுக்கு மோல்னு ஒண்ணு வெச்சிருக்கோம். ஒரு மோல்னா ஏறக்குறைய ஆறு போட்டு பக்கத்துல இருபத்திமூணு சைபர். அத்தன தங்க அணு ஒண்ணு சேந்தா நூத்தித் தொண்ணூத்தேழு கிராம் எடை. இருநூறு மில்லிகிராம் மூக்குத்தி ஒண்ண எடுத்துக்குங்க. அந்த எடைய நூத்தித் தொண்ணூத்தேழு கிராமால வகுத்தா எத்தன மோல்னு வரும். அத மோலுக்குரிய அந்தப் பெரிய எண்ணால பெருக்கினா எத்தன அணுன்னு வரும். அவ்வளவு அணு இந்தத் தண்ணியில இருந்து வேணும்னா, அறுபது கோடி பாட்டிலுக்கு மேல வாங்கணும்!”

கூட்டம் சிரிக்கும் என்று எதிர்பார்த்து நிறுத்தினாள். யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த தளவானூர் பவுனம்மாள் எழுந்தாள்.

“அப்ப உள்ள தங்கம் இருக்குதுதானே டீச்சர்?”

“இருக்குதுன்னு லேபிள் சொல்லுது. அப்படியே இருந்தாலும்…”

இளவரசன் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். “கேட்டீங்களா? டீச்சர் வாயாலயே கோடின்னு வந்துடுச்சு!”

கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. கொண்டுவந்த பாட்டில் அத்தனையும் விற்றுப்போயின.

அடுத்த வாரம் காந்தி பஜாரில் லூசியின் முகம் பேனரில் சிரித்தது. ‘வேதியியல் ஆசிரியை கணக்கிட்டு உறுதி செய்தது.’ ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தவளிடம் நான்கு பேர், எந்த வேளைக்குக் குடிக்க வேண்டும் என்று விசாரித்தார்கள். கொதித்துப்போய் நேரே சாமுவேலின் ஏஜென்சி கடைக்குச் சென்றாள். அங்கே இருந்த இளவரசன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“மேடம், உங்க பேச்சுதான் கம்பெனிக்கே வழி காட்டுச்சு. இதப் பாருங்க.”

புது லேபிள். ‘இப்போது முழுதாக ஒரு மோல் தங்கத்துடன்!’

“மோல்னா இன்னான்னு புரிஞ்சுதா உங்களுக்கு?”

“பெரிய நம்பர் மேடம். லட்சம் கோடியெல்லாம் அதுங்கிட்ட நிக்க முடியாது. நீங்கதான சொன்னீங்க.”

தப்பான விடையைக் கண்டால் திருத்தாமல் இருக்க முடியாதவள் லூசி. வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

“எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கட்டும்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

புது பாட்டில்கள் கடைக்கு வந்த மறுநாள் வகுப்பில் ஒரு கணக்குக் கொடுத்தாள்: ஒரு மோல் தங்கம் எத்தனை பவுன்? பவுனம்மாளின் மகள் பாரதி அந்த வகுப்பில்தான் படித்தாள். விடையை வீட்டுக்கும் கொண்டுபோனாள்.

அடுத்த நாள் காலையில் பவுனம்மாள் ஷேர் ஆட்டோ நிறையப் பெண்களோடு கடை வாசலில் இறங்கினாள்.

“ஒரு மோலுன்னா நூத்தித் தொண்ணூத்தேழு கிராம். எட்டு கிராம் ஒரு பவுன். ஒரு பாட்டிலுக்கு இருபத்திநாலரை பவுனுக்கு மேல வருது. நான் இந்தப் புது பாட்டில் மூணு வாங்கியிருக்கறேன். எங்கய்யா என் எழுபத்திமூணு பவுன்?”

“அணு கண்ணுக்குத் தெரியாதும்மா,” என்றார் இளவரசன்.

“கண்ணுக்குத் தெரியாட்டி இன்னா? தராசுக்குத் தெரியும் இல்ல?”

எதிர்க் காய்கறிக்கடைத் தராசில் பாட்டிலை வைத்தார்கள். இருநூறு மில்லி பாட்டில், மூடியோடு சேர்த்து இருநூற்றுப் பதினைந்து கிராம். தண்ணீரையும் பிளாஸ்டிக்கையும் கழித்தால் தங்கத்துக்கு இடமே இல்லை. இளவரசன் பதறி லூசிக்குப் போன் போட்டார்.

“மேடம், உடனே வாங்க. கணக்கு தப்புன்னு ஒரு வார்த்த சொல்லுங்க.”

லூசி வந்தாள். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். சாமுவேல் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கணக்கு சரிதான்,” என்றாள். “தசமப் புள்ளிக்குப் பின்னால கொஞ்சம் விட்டுட்டாங்க. அத சேத்தா இன்னும் முக்கால் பவுனுக்கு மேல வரும்.”

சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் பணம் திரும்பி வந்தது. இளவரசன் பேனரை அவரே கழற்றிச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினார். சாமுவேல் டைல்ஸ் கடைக்கே திரும்பிப் போனான்.

பவுனம்மாளுக்கு மட்டும் ஆறவில்லை. பஸ் ஸ்டாண்டில் லூசியைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தண்ணிக்குக் குடுத்த காசு வந்துடுச்சு டீச்சர். நீங்களே சரின்னு சொன்ன பவுனு? அத யாரு குடுப்பாங்க?”

லூசி மோலை முதலிலிருந்து விளக்கத் தொடங்கினாள். தளவானூர் பஸ் வந்துவிட்டது.