வில்மாவைக் குளிக்கக் கூட்டிப்போன செவ்வாய்

புடாபெஸ்டில் டிராம் ஓட்டுகிறவள் நான். எந்த நிறுத்தத்தில் கூட்டம் முண்டியடித்து ஏறும், எந்தத் திருப்பத்தில் எவன் காரைக் குறுக்கே விடுவான் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்தால்தான் இந்த வேலையில் மரியாதையாகக் காலம் தள்ள முடியும். திட்டம் போடுவது எனக்குக் கைவந்த கலை. அதனால் வில்மாவை மறுபடி வெந்நீர்க் குளத்துக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பு என்று நானே அறிவித்துக்கொண்டபோது எனக்குத் துளிகூடச் சந்தேகம் இருக்கவில்லை.

வில்மா என் தம்பியின் முன்னாள் மனைவி. அவளை விட்டுவிட்டு அவன் வேறொருத்தியோடு தெப்ரெட்சென் நகருக்குப் போய்விட்டான். நான் விடவில்லை. தம்பியை வேண்டுமானால் தலைமுழுகலாம், செவ்வாய்க்கிழமைத் துணையைத் தலைமுழுக முடியுமா? மலையடியில் இருக்கும் துருக்கிக் குளியலகத்தில் செவ்வாய்தான் பெண்கள் நாள். ஆண்கள் உள்ளே காலெடுத்து வைக்க முடியாது. நீச்சலுடை தேவையில்லை. குவிமாடத்துக்கு அடியில், பிறந்த மேனியாகக் கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசலாம். கந்தக வாடை மூக்கில் ஏறும்போதே பாதி முட்டிவலி போய்விடும். அவளுக்குக் கல்யாணமான காலத்திலிருந்து நாங்கள் இருவரும் ஒரு செவ்வாயையும் விட்டதில்லை, போன செப்டம்பர் வரை.

செப்டம்பரில் வில்மாவுக்குப் புற்றுநோய் என்று சொல்லி இடது மார்பை எடுத்துவிட்டார்கள். குளிர்காலம் முழுக்க மருந்து ஏறியது, தலைமுடி கொட்டியது. பிப்ரவரி கடைசியில் டாக்டர் புண் ஆறிவிட்டது, தண்ணீரில் இறங்கலாம் என்றார். வில்மாதான் அசையவில்லை.

“டாக்டரே போகலாம்னுட்டாரு. உனக்கு என்னடி தயக்கம்?” என்றேன், அவள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து.

“டாக்டரா வந்து குளிக்கப் போறாரு? நான்தானே அவுத்துப் போட்டுட்டு நிக்கணும்.”

“அங்க வர்றவங்க எல்லாம் பொம்பளைங்கதானே? எல்லாருக்கும் இருக்கிறதுதானே?”

“எல்லாருக்கும் ரெண்டு இருக்கு, கிஸி.”

 

ஆனாலும் விடுவேனா? தினமும் நச்சரித்தேன். அவள் இல்லாமல் நான் மட்டும் ஒரு செவ்வாய் போய்ப் பார்த்தேன். வெந்நீரில் உட்கார்ந்தும் உடம்பு சூடேறவில்லை. பக்கத்தில் எவளோ தன் மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தாள், அதைக் கேட்கக்கூடப் பிடிக்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன். அதை வில்மாவிடம் சொன்னதும்தான் கொஞ்சம் இறங்கினாள்.

“சரி. ஒரே ஒரு தடவை வரேன். அங்க ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா, இந்தப் பேச்சையே நீ மறுபடி எடுக்கக் கூடாது. சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். ஏடாகூடமாக விடுவதற்கா நான் இருக்கிறேன்?

நாள் குறித்தேன்: மார்ச் பதினைந்து. செவ்வாய். தேசியத் திருநாள். ஊரே சட்டையில் மூவர்ண ரிப்பன் பூவைக் குத்திக்கொண்டு, பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, கொடியும் பேச்சும் பார்க்க ஆற்றின் அந்தக் கரைக்குப் போய்விடும். குளியலகத்தில் ஈ காக்கா இருக்காது. திருநாள் அன்று எங்கள் டிப்போவில் லீவு வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. மேலதிகாரியிடம் கெஞ்சி, மிரட்டி, ஈஸ்டர் முழுக்க ஓட்டுவதாக ஒத்துக்கொண்டு வாங்கினேன்.

பிறகு நுணுக்கங்களுக்கு வந்தேன். “காலைல கதவு தொறந்ததும் உள்ள போயிடறோம். கோடியில இருக்கிற கேபினை எடுத்துக்கறோம். அங்கேருந்து நான் பெரிய துண்டைப் பிடிச்சுக்கிட்டு முன்னாடி நடக்கறேன். நடுக்குளத்துப் பக்கமே போக வேண்டாம். மூலையில இருட்டா ஒரு சின்னக் குளம் இருக்குல்ல? அதுல உன் இடது பக்கம் சுவர், வலது பக்கம் நான். எவ பாப்பா?”

வில்மா பாலாடைக்கட்டி பன்னைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நீ என்னைக் குளிக்கக் கூட்டிட்டுப் போறியா, இல்ல பேங்க்ல கொள்ளையடிக்கவா?”

அன்று காலை டிராம் நிறுத்தத்தில் நெடுநேரம் நின்றோம். வில்மா கோட்டின் மேல் ரிப்பன் பூவைக் குத்தியிருந்தாள். முடி இப்போதுதான் முளைத்து வருவதால் கம்பளித் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டிருந்தாள்.

“ஏன் இன்னும் வண்டியே காணோம்?” என்றாள்.

“திருநாள்டி. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை அட்டவணைதான் ஓடும். இதுகூடத் தெரியாதா?” என்று பெருமையாகச் சொன்னேன்.

குளியலக வாசலில் வரிசை நின்றிருந்தது. அதில் ஆண்கள் இருந்தார்கள். மனைவிமாரைக் கொண்டுவந்து விட வந்திருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் மீசை வைத்த ஒரு தடித்த ஆள், ரப்பர் செருப்பும் துண்டும் பையில் பிதுங்க, எனக்கு முன்னால் நிம்மதியாக நின்றுகொண்டிருக்கிறார்.

“ஐயா, இன்னிக்குச் செவ்வாய். பெண்கள் நாள். நாளைக்கு வாங்க,” என்றேன். டிராமிலிருந்து குடிகாரனை இறக்கிவிடும்போது எனக்கு வரும் குரல் அது.

அவர் அசரவில்லை. “இன்னிக்கு மார்ச் பதினஞ்சும்மா. திருநாள்னா பொது நாள். ஞாயித்துக்கிழமை மாதிரி ஆம்பளை, பொம்பளை எல்லாரும் வரலாம். தோ, எழுதிப் போட்டிருக்காங்களே.”

எழுதித்தான் போட்டிருந்தார்கள். நீச்சலுடை கட்டாயம் என்றும் கீழே எழுதியிருந்தது. எங்கள் இருவரின் பையிலும் துண்டைத் தவிர ஒன்றுமில்லை.

திருநாள் அன்று டிராம் ஞாயிற்றுக்கிழமை கணக்கில் ஓடும் என்று ஊருக்கே பாடம் எடுக்கிற கழுதை, குளியலகமும் அப்படித்தான் நடக்கும் என்று யோசித்தேனா? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சத்தியம் பண்ணியிருக்கிறேன். ஏடாகூடமாகிவிட்டது. இனி இந்த வாசலுக்கு வில்மா வரமாட்டாள், நான் வாயைத் திறக்கவும் முடியாது. அழுகையே வந்துவிட்டது எனக்கு.

“வா, வீட்டுக்குப் போலாம்,” என்றேன்.

“நில்லு.”

வில்மா வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மீசைக்காரர் கொட்டாவி விட்டார். அவருக்குப் பின்னால் இரண்டு வாலிபர்கள் நேற்று ராத்திரி குடித்ததன் தலைவலியோடு சுவரில் சாய்ந்திருந்தார்கள்.

“இவங்க யாருக்காவது என்னைத் தெரியுமா?” என்றாள்.

“தெரியாது. அதனால என்ன, ஆம்பளைங்கடி!”

“அதான் சொல்றேன். இவங்களுக்கு நான் யாரோ ஒரு கிழவி. திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. எனக்கு பயம் இவங்ககிட்ட இல்ல, கிஸி. நம்ம செவ்வாய்க்கிழமைப் பொம்பளைங்ககிட்டதான். அவங்க என் உடம்பை வருஷக்கணக்கா பாத்தவங்க. பழசையும் புதுசையும் வெச்சுப் பாப்பாங்க. பாவம்பாங்க.” பிறகு கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் குனிந்து கேட்டாள். “நீச்சலுடை வாடகைக்குக் கிடைக்குமாம்மா?”

கிடைத்தது. துவைத்துத் துவைத்து நிறம் போன நீலத்தில் இரண்டு. வில்மாவுடையது ஓரளவு பொருந்தும் போலிருந்தது. என்னுடையதை ஏதோ குண்டு எறியும் வீராங்கனைக்குத் தைத்திருக்க வேண்டும்.

கேபினுக்குள் இரண்டு பேர் நிற்பதே கஷ்டம். நான் உடை மாற்றிக்கொண்டு கதவைப் பார்த்துத் திரும்பி நின்றேன். பெரிய துண்டை முதுகுக்குப் பின்னால் திரை மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டேன். வாய் மட்டும் ஓயவில்லை. டிப்போவில் வந்திருக்கும் புது வண்டிகள், மேலதிகாரியின் தொப்பை என்று என்னென்னவோ பேசினேன்.

“கிஸி.”

“என்ன?”

“கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கு. யாருக்குத் துண்டைப் பிடிச்சுக்கிட்டிருக்க?”

துண்டை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன்.

“ஆஸ்பத்திரிக்கு தினமும் வந்த. சூப் கொண்டு வந்த. தலையணையில கொட்டுன முடியை நீதான் பொறுக்கின. ஆனா கட்டு மாத்த நர்ஸ் வந்தா மட்டும் உனக்கு எங்கேருந்தோ காபி ஞாபகம் வந்துடும். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? இந்தச் சுவரு, மூலை, துண்டு எல்லாம் எனக்காகவா யோசிச்ச? நீ பாக்காம இருக்கத்தான் யோசிச்ச.”

சுருக்கென்று தைத்தது. கோபம்கூட வந்தது. ஆனால் அவள் சொன்னது நிஜம். அந்த இடத்தைப் பார்த்துவிட்டால், வில்மா செத்துப்போயிருக்கக்கூடும் என்பதும் நிஜமாகிவிடும் என்று எனக்குள் ஒரு பயம். பார்க்காத வரை அவளுக்கு ஏதோ காய்ச்சல் வந்து போனது என்று வைத்துக்கொள்ளலாம்.

“பயமா இருக்குடி,” என்றேன் கதவைப் பார்த்து.

“எனக்கும்தான் இருந்துச்சு. திரும்பு.”

துண்டைக் கீழே விட்டுவிட்டுத் திரும்பினேன். அக்குளிலிருந்து நெஞ்சு நடு வரை சாய்வாக ஒரு கோடு. ரோஜா நிறம். ஒரு முனையில் தோல் சுருங்கிச் சின்ன முடிச்சாக இருந்தது. அதற்கு அடியில் அவள் மூச்சு ஏறி இறங்கியது. உயிரோடு இருக்கிற வில்மாவின் மூச்சு.

“என்ன?” என்றாள்.

“இந்தக் கோடியில சரியாவே தைக்கல அவன்.”

“ஆமா, நீ பெரிய தையல்காரி.”

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பக்கத்துக் கேபினிலிருந்து எவரோ பலகையைத் தட்டும் வரை சிரித்தோம். நடுவில் நான் அழுததும் அவளுக்குத் தெரியும். சமாதானமெல்லாம் சொல்லவில்லை. முதுகைக் காட்டி, “பட்டையை இழுத்து மாட்டு. தண்ணி ஆறிடப் போகுது,” என்றாள்.

மூலைக் குளத்தை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. நேராக நடுக்குளத்துக்குப் போய்ப் படியிறங்கினாள். நீச்சலுடையின் ஒரு பக்கம் தட்டையாகத்தான் தெரிந்தது. ஏற்கெனவே தண்ணீரில் கிடந்த மீசைக்காரர் ஒரு கண்ணைத் திறந்தார், நகர்ந்து இடம் விட்டார், “நல்ல சூடு,” என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். வில்மா கழுத்து வரை அமிழ்ந்து, குளிர்காலம் முழுக்க அடக்கி வைத்திருந்த மூச்சை நீளமாக விட்டாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் உடம்பு பாதம் வரை சூடேறியது.

சூடேறியதுமே மூளையும் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது.

“இனிமே செவ்வாய் வேண்டாம்டி. ஞாயித்துக்கிழமையா வந்துடலாம், பொது நாள்ல. டிப்போவுல பேசி முறை மாத்திக்கறேன். நல்லதா ஒரு நீச்சலுடை வாங்கி...”

“அடுத்த செவ்வாயே வரேன்,” என்றாள் வில்மா. “பெண்கள் நாள்ல. இந்த நீலக் கோணி இல்லாம.”

“எல்லாரும் பாப்பாங்களேடி.”

“பாக்கட்டும். நீயே பாத்துட்ட.”