கூரை மேல் மச்சான்கள்

தங்கை புருஷன் நன்றாயிருந்தால் சந்தோஷப்பட வேண்டும் என்பார்கள். ஆப்னருக்கு வயிறுதான் எரிந்தது. டைனாவைக் கட்டிக்கொண்ட சைலஸ் எதைத் தொட்டாலும் துலங்கியது. அவன் அவித்தால் உருளைக்கிழங்குகூட உடையாமல் வெந்தது.

ஹைட் பார்க்கில் கண்ணாடி மாளிகை எழும்பிக்கொண்டிருந்த குளிர்காலம் அது. மே மாதம் பொருட்காட்சி திறந்தாக வேண்டும். கூரைக்குக் கண்ணாடி பதிக்க வண்டி செய்திருந்தார்கள். கூரை மேலிருந்த மழைநீர் வடிகால்களின் விளிம்பில் சக்கரம் ஓடும், தலைக்கு மேல் தார்ப்பாய், பக்கத்துக்கு ஒருவன். இரண்டு பேரும் தங்கள் பக்கத்தைப் பதித்து முடித்தால்தான் வண்டி பின்னால் நகரும். ஆப்னரும் சைலஸும் ஒரே வண்டி.

இருப்பதில் கெட்டிக்காரனைத் தலைமை ஆளாக்கப் போவதாக மேஸ்திரி பார்ஜிட்டர் சொல்லியிருந்தார். ஆப்னர் பதினெட்டு வருடமாகத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவன். சைலஸ் நேற்று வந்தவன். ஆனாலும் பீர்க்கடையில் எல்லோரும் "சைலஸ் வண்டி" என்றார்களே தவிர, "ஆப்னர் வண்டி" என்று ஒரு பயல் சொல்லவில்லை. கேட்கக் கேட்க ஆப்னருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் மேஸ்திரியிடம் போய் நின்றான்.

"எங்களப் பிரிச்சு விடுங்க மேஸ்திரி. இவனுக்காகக் காத்துக் காத்தே என் வேலை கெடுது."

சைலஸ் பதறிப்போனான். "வேணாம் மச்சான். ஒண்ணாவே இருப்போம்."

"ஏன்டா, நான் இல்லேன்னா உன் சாயம் வெளுத்துடுமா?"

மறுநாள் ஆளுக்கொரு வண்டி, ஆளுக்கொரு புதுக் கூட்டாளி. பொழுது சாய்ந்தபோது சைலஸ் தன் பக்கத்தில் நூற்றைந்து கண்ணாடி பதித்திருந்தான். ஆப்னர் ஐம்பத்தெட்டு.

"நேத்து வரைக்கும் ரெண்டு பக்கமும் சமமா வந்துச்சேய்யா?" என்று மேஸ்திரி தாடையைச் சொறிந்தார். சைலஸ் தலையைக் குனிந்துகொண்டு நகத்திலிருந்த, கண்ணாடி ஒட்டும் பட்டிப் பசையைச் சுரண்டினான்.

ஆப்னருக்குப் புரிந்தது. காற்றுக்கு முதுகைக் காட்டி இவன் புகைக்குழாயைப் பற்றவைப்பான். தேநீருக்கு இறங்கிப் போவான். திரும்பி வந்தால் தன் பக்கத்து வேலை எப்படியோ முன்னேறியிருக்கும். தன் கைராசி என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தான், பாவம். சுற்றி நின்றவர்களுக்கும் புரிந்துவிட்டது. எவனோ களுக்கென்று சிரித்தான்.

"யாருடா உன்னக் கேட்டா?"

"வண்டி நகரணும்ல மச்சான்."

"உன் புண்ணியத்தக் கொண்டுபோய்க் குப்பையில போடு!"

தலைமை வேலை சைலஸுக்குப் போயிற்று. மே மாதம் மாளிகை திறந்தது. ஊர் உலகமெல்லாம் வந்து அண்ணாந்து பார்த்து வாயைப் பிளந்தது. ஆப்னர் மட்டும் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. அக்டோபரில் மூடினார்கள். மறு வருடம், மொத்தத்தையும் பிரித்துத் தெற்கே ஒரு குன்றின்மேல் இன்னும் பெரிதாகக் கட்டுவது என்று முடிவாயிற்று. அங்கேயும் சைலஸ்தான் தலைமை. அவனே வீடு தேடி வந்து, "என்கூட வாங்க மச்சான்" என்றான்.

"உன் கைக்குக் கீழ வேலை பாக்கறதுக்குப் பாலத்தடியில பிச்சை எடுப்பேன்," என்று கதவைச் சாத்திவிட்டு, ஆப்னர் பழைய இடத்திலேயே பிரிக்கும் கும்பலில் சேர்ந்துகொண்டான்.

அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. இறுகிப்போன பட்டியை நோகாமல் கீறி, கண்ணாடியை அலுங்காமல் எடுக்கப் பொறுமை வேண்டும். வேகக்காரர்கள் எல்லாம் உடைத்துத் தள்ளினார்கள். ஆப்னர் மூன்று வாரமாக ஒன்றைக்கூட உடைக்கவில்லை. "கழட்டறதுல உன்ன அடிச்சிக்க ஆளில்லய்யா!" என்று பார்ஜிட்டரே வாய்விட்டுச் சொன்னார். ஆப்னருக்குச் சோறு ருசித்தது. பீர்க்கடையில் தலைநிமிர்ந்து உட்கார்ந்தான்.

நான்காம் வாரம் மேஸ்திரி கூரைக்கு ஏறி வந்தார்.

"சைலஸ் சொல்லி அனுப்பியிருக்கான். குன்றுக்கு நீ கழட்டின கண்ணாடியாப் பாத்து அனுப்பணுமாம். ஒரு கீறல் இல்லியாம், கையெடுத்துக் கும்பிடலாமாம்."

அப்படியானால் இத்தனை நாளும் பொத்திப் பொத்தி எடுத்ததெல்லாம் அவன் பெயர் வாங்குவதற்கா? ஆப்னர் கையில் ஒரு முழுக் கண்ணாடி இருந்தது. கீழே யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டான். விட்டான்.

அறுபது அடிக்குக் கீழே அது தூள்தூளாயிற்று.

மேஸ்திரி எட்டிப் பார்த்தார். பிறகு ஒன்றும் நடக்காதது போல ஏணிப் பக்கம் திரும்பினார்.

"கை தவறல மேஸ்திரி. நானாத்தான் போட்டேன்," என்று ஆப்னர் கத்தினான். "திட்டுங்களேன்!"

"எதுக்கு? இதக் கேட்டதும் ஒண்ணு போட்டு உடைப்பான், அவன ஒண்ணும் சொல்லிராதீங்கன்னு சைலஸ் அப்பவே சொல்லிட்டான்."

ஆப்னர் வடிகாலிலேயே உட்கார்ந்துவிட்டான். "கெட்டவனா இருக்கக்கூட எனக்கு ஒரு இடம் விட்டுவைக்கலியே, படுபாவி" என்று வாய்விட்டு அழுதான்.