கசக்கக் கசக்க நல்லது

ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூட மைதானத்தில் உழவர் சந்தை கூடும். அங்கே என் தங்கையின் கடைக்கு நான்தான் வாய். விதைப்பது, பறிப்பது, எடை போடுவது எல்லாம் அவள்; பேசுவது நான். அவள் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. காயில் புழு விழுந்திருந்தால் வாங்குகிறவரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுவாள். அப்படி ஒருத்தி வியாபாரம் செய்ய வேண்டுமென்றால் பக்கத்தில் என்னைப் போல் ஒருத்தன் வேண்டாமா?

எங்கள் தோட்டத்துச் சுரைக்காய் ஒன்று பஸ்ஸில் வரும்போது ஜன்னலோர சீட்டை விட்டுக்கொடுக்க மறுத்ததையும், கண்டக்டர் அதற்கு முழு டிக்கெட் கிழித்ததையும் சாவகாசமாகச் சொல்லுவேன். பூசணிக்குள் பூனை குட்டி போட்டதையும், குட்டிகளையும் சேர்த்து எடை போட்டுவிட்டோம் என்று தகராறு வந்ததையும் சொல்லுவேன். கூட்டம் சிரிக்கும். சிரித்துவிட்டு வெறுங்கையோடு போக வெட்கப்பட்டு அரைக் கிலோவாவது வாங்குவார்கள். கப்ஸா தாத்தா என்று எனக்குப் பெயர்.

வாடிக்கைக்காரர்களில் தையல் மாஸ்டர் ஒருவர். சர்க்கரை வியாதிக்காரர். சுரைக்காய் சீசன் தொடங்கியபோது அவருக்கென்று ஒரு கதை விட்டேன். என் சிநேகிதன் ஒருவனுக்குச் சர்க்கரை ஏறிப்போய், அவன் ஆபீஸுக்கு நடந்தால் எறும்புகள் வரிசையாகப் பின்னால் வரும். தினமும் காலையில் வெறும் வயிற்றில் பச்சைச் சுரைக்காய்ச் சாறு குடித்தான். எறும்புகள் வேறு ஆளைப் பார்த்துப் போய்விட்டன. சாறு கசக்கக் கசக்க நல்லது, கசப்பு உள்ளே போய்ச் சர்க்கரையை அடித்துத் துரத்தும் என்றும் ஒரு போடு போட்டேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. நல்ல காயாக ஒன்று எடுத்துக் கொடுக்கச் சொன்னார். அதற்குப் பிறகு வாராவாரம் வாங்கினார். என் புளுகையெல்லாம் கேட்டுச் சிரித்த மனிதர், தனக்குத் தேவைப்பட்ட ஒன்றை மட்டும் நம்பிக்கொண்டார். நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

அந்த வருஷம் வெயில் விடவே இல்லை. கிணறு வற்றிப் போயிற்று. வாடி வதங்கிக் கிடந்த கொடிகள் எப்படியோ காய்த்தன. ஒரு திங்கள்கிழமை காலை, சந்தையில் விற்காமல் திரும்பிய காயைத் தங்கை நறுக்கினாள். ஒரு துண்டை வாயில் போட்டவள் உடனே துப்பிவிட்டு, திரும்பத் திரும்ப வாய் கொப்பளித்தாள். தண்ணீர் இல்லாமல் காய்ந்த கொடியில் சில சமயம் இப்படி ஆகும் என்றாள். இப்படிக் கசந்தால் அது விஷம் என்றாள்.

முந்தின நாள் வாங்கிப்போன மற்றவர்கள் வாயில் வைத்ததும் துப்பிவிட்டு எங்களைத் திட்டுவார்கள், அதோடு போயிற்று. கசக்கிறதே என்று சந்தோஷப்பட்டு முழுசாகக் குடிக்கக்கூடிய ஆள் ஒருத்தர்தான்.

மாஸ்டருக்குப் போன் அடித்தோம். எடுக்கவில்லை. மெஷின் ஓடும்போது அவருக்கு இடி விழுந்தாலும் கேட்காது. தங்கை ஸ்கூட்டரை எடுத்தாள். நான் பின்னால் தொற்றிக்கொண்டேன்.

"அண்ணா, நான் பேசிக்கிறேன். நீ வாயைத் திறக்காதே."

வண்டி நிறுத்த அவள் இடம் தேடிக்கொண்டிருக்கும்போதே நான் இறங்கி ஓடினேன். யாராயிருந்தாலும் ஓடித்தான் இருப்பார்கள் என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

மாஸ்டர் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் இஞ்ச் டேப். கையில் ஒரு வாய் குடித்த தம்ளர். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க பெரியவரே. நீங்க சொன்ன கசப்பு இன்னிக்குத்தான் வந்திருக்கு. குடலையே சுருட்டுது."

"மாஸ்டர், குடிக்காதீங்க. அது விஷம். நான் அன்னிக்குச் சொன்னது புளுகு."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். முகத்தில் என்ன இருக்கும்? பஸ்ஸில் சுரைக்காய் வந்த கதையைச் சொன்ன அதே முகம்தான். வேறொன்று என்னிடம் இல்லை.

"எது புளுகு? அன்னிக்குச் சொன்னதா, இப்பச் சொல்றதா?"

தம்ளரைப் பிடுங்கக் கையை நீட்டினேன். அதையும் விளையாட்டு என்று நினைத்து, என் கைக்கு எட்டாமல் திரும்பிக்கொண்டு மடக்கென்று குடித்து முடித்தார்.

தங்கை உள்ளே வந்தபோது தம்ளர் காலி. காய் விஷமாகிவிட்டது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும் என்று ஒரே மூச்சில் சொன்னாள். மாஸ்டரின் சிரிப்பு நின்றது. ஏன், எதற்கு என்று அவளை ஒரு கேள்வி கேட்கவில்லை. எழுந்து செருப்பைத் தேடினார்.

போகிற வழியிலேயே வாந்தி. போய்ச் சேர்ந்தபோது அதில் ரத்தம். பிரஷர் மளமளவென்று இறங்கியது. டாக்டர் எங்கள் இருவரையும் ஓரமாகக் கூப்பிட்டார். இதற்கென்று மாற்று மருந்து கிடையாது, டிரிப்ஸ் ஏற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான், இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார்.

மாஸ்டரின் மனைவி, பட்டன் தைத்துக்கொண்டிருந்த யாரோ ஒருவரின் சட்டையோடு ஓடி வந்தாள். ஊசி நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. பிழைத்துக்கொள்வாரா என்று கேட்டாள். நான் வாயெடுத்தேன். கையைக் காட்டித் தடுத்தாள்.

"நீங்க சொல்லாதீங்க. அக்கா, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவேன்."

தங்கை அந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் ஆகாது. டாக்டர் சொல்லிட்டார். நல்லா எழுந்து உக்காந்துடுவார்."

நானாயிருந்தால் இத்தனை ஜோடனையில்லாமல் சொல்லியிருக்க மாட்டேன். அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்து, பாதியில் விட்ட பட்டனைத் தைக்க ஆரம்பித்தாள். தங்கை அவளிடமிருந்து தள்ளிப்போய்ச் சுவரோரமாக நின்றுகொண்டாள். அன்று முழுக்க உட்காரவில்லை.

மறுநாள் மத்தியானம் மாஸ்டர் எழுந்து உட்கார்ந்தார்.

அடுத்த சந்தையில் சுரைக்காய் இல்லை, கொடியை அறுத்தாகிவிட்டது. என்னைக் கடைப் பக்கம் வரவேண்டாம் என்று தங்கை சொல்லவில்லை, நான் உட்காரும் ஸ்டூலை மட்டும் எடுத்து வரவில்லை. மாஸ்டரின் மனைவி வந்து, நீங்க சொன்ன மாதிரியே நடந்தது அக்கா என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தங்கை கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

பின்னால் நின்றவர் வெண்டைக்காய் பிஞ்சுதானே என்று கேட்டார். வழக்கமாக அவள் ஆமாம், இல்லை என்று சொல்லுவாள். அன்றைக்குக் கூடையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"நீங்களே உடைச்சுப் பாத்துக்கங்க."