விலைக்குப் போன வாக்குமூலம்

கம்ப்யூட்டர் சொல்லிவிட்டதாம். துர்காவின் ஆய்வறிக்கை, கூடப் படிக்கும் விக்ரமுடையதைப் பார்த்து அப்படியே காப்பியடித்ததாம். அவன் முந்திக் கொடுத்துவிட்டானாம், அதனால் திருடி இவளாம்! வயிறு எரியுமா எரியாதா?

அந்த விக்ரம் காஞ்சிபுரத்தில் ஒரு தறிவீட்டுக்குள்ளும் காலெடுத்து வைத்தவனில்லை. அவன் காலெடுத்து வைத்ததெல்லாம் கல்லூரி வாசலில் இருக்கிற முனிரத்தினத்தின் ஜெராக்ஸ் கடையில்தான். ரெடிமேட் சட்டை மாதிரி அங்கே ரெடிமேட் பிராஜெக்ட் விற்பது எல்லோருக்கும் தெரியும், கல்லூரி நிர்வாகத்துக்கு மட்டும் தெரியாது. துர்கா தன் அறிக்கையைப் பிரிண்ட் எடுக்கப் போனபோது, "கூட்டமா இருக்குது பாரும்மா, பென்டிரைவ வெச்சுட்டுப் போ, சாயங்காலம் வந்து வாங்கிக்கோ" என்று குழைந்தார் முனிரத்தினம். பாவிப்பெண், நம்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். இவளுக்கு பைண்டிங் ஆவதற்குள் விக்ரமுக்கு வேறு அட்டை போட்டு விற்றாயிற்று.

துறைத்தலைவர் கலியாணசுந்தரத்திடம் போய்ச் சொன்னாள். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடும்மா. அடுத்த வருஷம் வேற தலைப்புல பண்ணிக்கலாம்."

"நான் இன்னா சார் தப்பு பண்ணேன்? ஒவ்வொரு வீடா நான்தானே ஏறி எறங்கினேன்!"

"அப்போ பேட்டி குடுத்தவங்கள்ல ஒருத்தரக் கூட்டிக்கினு வா. பார்க்கலாம்."

அங்கேதான் மாட்டிக்கொண்டாள். தறி நெய்யும் பெண்களின் உடல்நலம் பற்றிய அறிக்கை அது. பெயரை வெளியே விடமாட்டேன் என்று ஒவ்வொருத்தியிடமும் சத்தியம் செய்துதான் பேச வைத்திருந்தாள். அதில் ஒருத்தி அவளைப் பெற்ற காவேரி. பெயரைச் சொன்னால் சத்தியம் போச்சு, சொல்லாவிட்டால் படிப்பு போச்சு. துர்கா வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தாள்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்று விக்ரம் டை கட்டிக்கொண்டு நின்றான். துர்கா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சென்னையிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மா, "ஏதாவது ஒரு பேட்டிய வாசிங்க" என்றார். அவன் கைக்கு வந்த பக்கத்தைப் பிரித்தான்.

"தறிக்குழியில எறங்கினா சட்டுனு ஏறி வர முடியாது. தறி வெச்சிருக்கிற வீட்டுல ஆம்பளைங்க நடமாட்டம். கக்கூஸ் போகக் கூச்சமா இருக்கும். அதனால பகல் பூரா தண்ணியே குடிக்க மாட்டேன். ஒருநாள் அடக்க முடியாம குழியிலயே சேலை நனைஞ்சு போச்சு. சொம்புத் தண்ணி கொட்டிடுச்சுன்னு சொல்லி..."

வாசித்துக்கொண்டே வந்தவன் களுக்கென்று சிரித்துவிட்டான். அதற்குமுன் அந்தப் பக்கத்தை அவன் படித்திருந்தால்தானே! முன் பெஞ்சிலும் ரெண்டு பேர் சிரித்தார்கள்.

துர்காவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"சிரிக்காதடா! அது எங்கம்மா! காவேரின்னு பேரு, பிள்ளையார்பாளையத்துல கூலிக்கு நெய்யறாங்க. எங்கிட்ட அழுதுக்கினே சொன்னத நீ காசு குடுத்து வாங்கினியே, ஒருவாட்டி படிச்சாவது பார்த்தியாடா?"

தேர்வாளர் அவனைத் திரும்பிப் பார்த்தார். "இந்தம்மாவ எந்தத் தெருவுல பார்த்தீங்க?" அவன் அவசர அவசரமாகப் பக்கங்களைப் புரட்டித் தேடினான். அவனுடைய அறிக்கை தள்ளுபடி, துர்காவுடையது செல்லும் என்று அங்கேயே சொல்லிவிட்டார். கலியாணசுந்தரம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஜெயித்தாகிவிட்டது. ஆனால் துர்காவுக்கு வீட்டுக்குப் போகத்தான் கால் வரவில்லை. அதே தெருக்காரி கீர்த்தியும் அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தாள். இவளுக்கு முன்னாலேயே செய்தி தெருவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

காவேரி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"என் பேரச் சொல்லிட்டியாமே?"

"கோவத்துல வந்துடுச்சும்மா. அவன் அதப் படிச்சு சிரிச்சாம்மா..." துர்கா உடைந்து அழுதாள்.

"சிரிச்சானா?"

காவேரி தெருவைப் பார்த்தாள். எதிர்வீட்டு வாசலில் ரெண்டு பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்றே குரலை உயர்த்தினாள்.

"ஒண்ணுக்குப் போக வழியில்லாம குந்திக்கினு நெய்ஞ்சேன். அதுல எனக்கு இன்னாடி வெக்கம்? வழி பண்ணித் தராதவன் வெக்கப்படட்டும், அத வித்துத் தின்னவன் வெக்கப்படட்டும். அந்தப் பொறுக்கி பேர்ல இருக்கறதுக்கு என் பேர்லயே இருந்துட்டுப் போவுது!"

முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"அந்த ஜெராக்ஸ் கடை எங்க இருக்குது? நடடி!"