தொடாமல் விட்ட கேக்

2018 ஜூலை 9 காலை, மலேசியாவில் சரவாக்கின் பத்தாங் ஆய் தேசியப் பூங்காவுக்குள் ஒரு நீள்படகு நுழைந்தது. வழிகாட்டியின் பெயர் லுலோங். பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழும் அவளுடைய நீள்வீட்டிலிருந்து ஒரு பெண் தலைமையேற்றுப் போகும் முதல் பயணம் அது.

சுமை தூக்க வந்தவன் அவளுடைய பெரியப்பா மகன் ஜாம்பி. அதுவரை தலைமை அவனிடம்தான் இருந்தது. அவள் பாதி வழியில் திரும்பினால் அது மறுபடி அவனுக்கே போகும் என்று, இந்தப் பயணங்களை நடத்தும் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவர் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார்.

முதல் இரவு ஆற்றோரம் தங்கினார்கள். விடிந்ததும் லுலோங் குனிந்து குனிந்து மிட்டாய்த் தாள், நூல் துண்டு வரை பொறுக்கிப் பைக்குள் போட்டாள்.

“வழிகாட்டின்னு பாத்தா, காட்டைக் கூட்டிப் பெருக்க வந்திருக்கா,” என்றான் ஜாம்பி.

“இதுல பாதி நீ போட்டதுண்ணே. கொண்டு வந்ததெல்லாம் திரும்பிப் போகணும். நீயும்தான்.”

கூச்சிங் நகரிலிருந்து கணவருடன் சுற்றுலா வந்திருந்த சியோக் லான் சிரித்துக்கொண்டே, தான் சுட்டுக் கொண்டுவந்த அடுக்குக் கேக்கை அவன் பக்கம் நீட்டினாள். கூடாரக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த ஜாம்பி, “அப்புறம், அக்கா,” என்றான். மற்ற மூவரும் தின்று தீர்த்தார்கள்.

முற்பகலில் ஆழமான ஓடை ஒன்று வந்தது. குறுக்கே விழுந்து கிடந்த மரம்தான் பாலம். மூவரும் கடந்துவிட்டார்கள். ஜாம்பி நின்ற இடத்திலேயே நின்றான். லுலோங் மரத்தின் மேல் திரும்பி நடந்து அவனிடம் வந்தாள்.

“என்னண்ணே?”

“அந்தக் கேக்கு. கையாலகூடத் தொடல.”

கொடுத்த தீனியைத் தொடாமல் போனால் ஆபத்து வரும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. நடிக்கிறானோ என்றுதான் லுலோங் முதலில் நினைத்தாள். திரும்பினால் அவனுக்குத்தானே லாபம். பிறகு அவன் மரத்தில் ஒரு காலை வைத்துவிட்டு மறுபடி பின்னால் இழுத்துக்கொண்டதைப் பார்த்தாள். அரிசி மூட்டையோடு அதே மரத்தின் மேல் பாட்டுப் பாடிக்கொண்டு போகிறவன் அவன்.

“உன்னைக் கவுக்கப் பாக்குறேன்னு நினைக்காதே. எங்க மாமா காப்பியத் தொடாம எழுந்து போனாரு, அன்னிக்கே பாம்பு கடிச்சுது. காலு வரமாட்டேங்குது.”

எதிர்க்கரையிலிருந்து சியோக் லான் கத்தினாள்: “ஒரு விரலால தொட்டிருக்கக் கூடாதாப்பா? எங்க டிரைவரே வேணாம்னா தொட்டு நாக்குல வச்சிட்டுத்தான் வண்டிய எடுப்பாரு!”

“மிச்சம் இருக்கா, அக்கா?”

“ஒரு துண்டுகூட இல்லையே!”

கூடாரமும் அரிசியும் ஜாம்பியின் முதுகில் இருந்தன. அவன் வராவிட்டால் பயணம் அங்கேயே முடிந்தது. லுலோங் தன் சுமையை இறக்கி, குப்பைப் பையைப் பிரித்தாள். நூடுல்ஸ் உறை, மீன் டப்பா, ஈரத் தேயிலை. அடியில் கேக் சுற்றியிருந்த வெண்ணெய்த் தாள், கசங்கிப்போய். அதில் நகக்கண் அளவு கேக் ஒட்டியிருந்தது.

“தொடு.”

“மீன் நாத்தம் அடிக்குதேடி.”

“அப்புறம்னு சொன்னேல்ல? அந்த அப்புறம் இதுதான். தொடு.”

ஜாம்பி தொட்டு நாக்கில் வைத்தான். கண்ணை மூடித் திறந்தான். பிறகு கீழே பார்க்காமல் மரத்தில் ஏறி நடந்தான். எதிர்க்கரையில் சியோக் லானின் கணவர் கைதட்டினார்.

லுலோங் தாளை மடித்து மறுபடி பையில் போட்டாள். கடைசியாகக் கடந்தவள் அவள்தான். அந்த மரத்தின் மேல் அவள் அவசரப்படவில்லை. தலை நிமிர்ந்திருந்தது, மூன்று பேரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்தே நடந்தாள்.

மூன்றாம் நாள் நால்வரும் படகுத்துறைக்கு வந்து சேர்ந்தார்கள். ஆகஸ்ட் மாதக் குழுவுக்கும் லுலோங்கே தலைமை என்று சங்கம் முடிவு செய்தது. சுமை தூக்க ஜாம்பி போனான்.