செவுளில் நடந்த இடச்சண்டை

அந்த ஆய்வகத்தில் மீன் ஒன்று, அதற்குப் பங்காளிகளாக ஆராய்ச்சி மாணவிகள் இருவர். கடல்மீனின் செவுளில் ஒட்டியிருக்கும் பேன் மூத்தவளுக்கு, புழு இளையவளுக்கு. கட்டடம் முழுக்க அவர்களைப் பேன்காரி, புழுக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயரெல்லாம் அடையாள அட்டையோடு சரி.

மூத்தவள்தான் முதலில் மீனைப் பிரிப்பாள். பேனுக்குக் கால் உண்டு, தாமதித்தால் இடம் மாறிவிடும் என்று அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தாள். அவள் இடுக்கியால் பேனைச் சுரண்டி எடுத்த பிறகே மீன் புழுக்காரியின் தட்டுக்கு வரும்.

அந்த மிச்சத்திலேயே புழுக்காரி பெரிய விஷயம் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். பேன் இல்லாத மீனில் புழுக்கள் முன்வரிசைச் செவுளில் ஜம்மென்று இருந்தன. முன்வரிசையில் பேன் குடியேறிய மீனில் பின்வரிசையில் ஒண்டிக் கிடந்தன. பேன் புழுவை விரட்டுகிறது என்று ஆய்வேடு முழுக்க எழுதிவிட்டாள். பேராசிரியருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அடுத்த வாரம் ஒப்படைத்தால் பட்டம் கையில்.

அன்று பேன்காரிக்குப் பல்வலி, வர நேரமாகும் என்று சொல்லியிருந்தாள். மீன் கெட்டுவிடுமே என்று புழுக்காரியே கத்தியை எடுத்தாள். முன்வரிசையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேன்களுக்கு நடுவே புழுக்கள் ஹாயாக இருந்தன. அடுத்த மீனிலும் அதே கதை.

பேன்காரி வீங்கிய கன்னத்தோடு வந்து சேர்ந்தாள்.

"அக்கா, பேனைச் சுரண்டும்போது கூடவே வெள்ளையா ஏதாவது வருமா?"

"வரும். சளி. கழுவி விட்டுடுவேன்."

"சளி இல்லக்கா. என் புழு."

பேன்காரி மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். இரண்டு மீனையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சொல்லலைன்னா யாருக்கும் தெரியாது" என்றாள் மெல்ல.

காலையிலிருந்து புழுக்காரியும் அதையேதான் தனக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. அவள் எழுந்து பேராசிரியரின் அறைக்கு நடக்க, பேன்காரியும் பின்னாலேயே போனாள்.

பேராசிரியர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ இத்தனை நாளா புழுவை விரட்டினது யாரு?"

"நான்தான் சார்" என்றாள் பேன்காரி. "இவளுக்கு இன்னும் ஒரு வருஷம் குடுங்க. இனிமே மீனை இவ முதல்ல பிரிக்கட்டும்."

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை புழுக்காரிக்கு அப்போதுதான் பொத்துக்கொண்டு வந்தது.