எர்த் கம்பிச் சாமி

மூன்று நாளாக வர்ணத் துப்பாக்கியிலிருந்து கிளம்பிய பொன்னிறத் தூள் இரும்புக் கேட்டுக்குப் போகவில்லை. பாதி வழியில் நின்று யோசித்து, திரும்பித் துஷாந்தினியிடமே வந்தது. அவள் கையில் மயிர் ஒவ்வொன்றாக எழுந்தது. யாரோ பிடரியருகே முகத்தைக் கொண்டுவந்து மூச்சு விடாமல் நிற்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தாள். கொக்கியில் தொங்கும் கேட்டைத் தவிர அந்த அறையில் எவரும் இல்லை.

பதுளையில் இருந்த அந்தப் பட்டறையில் மின்னேற்றிய தூளை இரும்பில் அடித்து, அடுப்பில் சுட்டு வர்ணமாக்குவார்கள். அதற்கு இரும்பை வயர் வழியாக மண்ணோடு தொடுத்திருக்க வேண்டும். தொடுக்காவிட்டால் மின்சாரம் இரும்பிலேயே குடியிருந்து ஆள் தேடும். ஒரு பொறி போதும். மிதக்கும் தூள் அத்தனையும் தீப்பிடிக்கும், உள்ளே நிற்பவளோடு சேர்த்து. கொழும்புப் பயிற்சியில் அவள் மனப்பாடம் செய்த பாடம் அது. நேற்று, நல்லவேளையாகத் தூள் அடங்கிய பிறகு, கேட்டுக்கும் அவள் விரலுக்கும் நடுவே நீலமாய் ஒன்று சொடுக்கியது.

"தூளுக்கு ஒங்களத்தான் புடிச்சிருக்குக்கா," என்றான் இரும்பு கழுவும் ஷிபான். "கேட்டுக்குப் பதிலா ஒங்களயே கோயில்ல நட்டு வச்சிரலாம்." சிரித்தான். ஆனால் அறை வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

கேட், தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு. உபயம், பட்டறை முதலாளி லிங்கம். அதில் அம்மன் பெயர் ஒரு சாண், உபயகாரர் பெயர் ஒரு முழம்.

துஷாந்தினி கொக்கியின் வயரைத் தொடர்ந்து பட்டறையின் பின்பக்கம் போனாள். மண்ணில் அடித்த எர்த் கம்பி அங்கே தெய்வமாகியிருந்தது. பட்டறை திறந்த அன்று முதலாளி அந்தச் செம்புக் கம்பிக்குப் பொட்டு வைத்தார். பிறகு மாலை வந்தது, பட்டுத் துண்டு வந்தது. இப்போது டைல் பதித்த பீடம், அதிலும் லிங்கத்தின் பெயர். கழற்றிவிட்ட வயர் சுவரில் தொங்கியது. லிங்கம் பீடத்தருகே நின்றிருந்தார்.

"முதலாளி, வயர யாரு கழட்டினது?"

"நாந்தான். சாமிய வயர் போட்டுக் கட்டி வைக்கலாமாம்மா?"

"அது எர்த்துங்க. என் உசுருங்க."

"சாமியே காவலுக்கு நிக்கிறப்போ எர்த் எதுக்கு? மயிர் சிலுத்துக்குதுன்னு சொன்னியாமே. அதுதான் சக்தி! பத்து மணிக்குக் கோயில் கமிட்டி கேமராவோட வருது. நானே உள்ள போயி மொதல் தூள அடிச்சு ஆரம்பிச்சு வைக்கிறேன்."

அவர் போட்டுக்கொள்ளக் கோட் தயாராக இருந்தது. முகமூடி வேண்டாமென்றார், படத்தில் முகம் விழ வேண்டுமே.

துஷாந்தினி கம்பியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "முதலாளி, திருவிழாவுக்குக் கோயில்ல காப்புக் கட்டியாச்சு. இந்தச் சாமிக்கு?"

லிங்கத்தின் முகம் வெளுத்தது. "ஐயோ, மறந்துட்டேனே!"

வயருக்கு மஞ்சள் பூசினாள். லிங்கம் கண்ணை மூடி அதைக் காப்பாகக் கம்பியில் சுற்றினார்; மாலைக்குப் பின்னால் அவள் ஸ்பெனரால் நட்டை முறுக்கினாள். ஒரு குடம் தண்ணீரும் ஊற்றச் சொன்னாள். ஈர மண்தான் மின்சாரத்தை நன்றாக வாங்கும். பத்து மணிக்கு வந்த கமிட்டி அதை அபிஷேகமென்று படம் எடுத்தது.

அறைக்குள் அவள் கை மயிர் படிந்தது. தூள் சாதுவாகப் போய்க் கேட்டில் உட்கார்ந்தது.

"பாத்தீங்களா சக்திய!" என்றார் லிங்கம், கேமராவிடம்.

திருவிழா முடிந்த மறுநாள் காலை ஒரு ஜன்னல் கிரில்லுக்கு முன்னால் நின்று அவள் துப்பாக்கியை அழுத்தினாள். தூள் பாதி வழியில் நின்றது. திரும்பியது. பிடரியருகே அதே முகம்.

விரலை எடுத்தாள். கிரில்லைத் தொடாமல், பார்வையை அதிலிருந்து எடுக்காமல், அடிமேல் அடி வைத்துப் பின்வாங்கினாள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பின்பக்கம் ஓடினாள்.

லிங்கம் மஞ்சள் வயரைப் பயபக்தியோடு சுருட்டிக்கொண்டிருந்தார். "திருவிழா முடிஞ்சா காப்பு அவுக்கணும்லம்மா."

அவள் கந்தோர் அறைச் சுவரிலிருந்து காலண்டரைக் கழற்றிவந்து அவர் கையில் கொடுத்தாள். "அடுத்த விசேஷம் என்னன்னு பாருங்க முதலாளி. காப்புக் கட்டாம நான் உள்ள போகமாட்டேன்."

லிங்கம் கண்ணாடியை மாட்டினார். "இன்னைக்குப் பிரதோஷம் இருக்கே."

"சரி, கட்டுங்க. அதுக்கு அடுத்தது?"

"பௌர்ணமி."

ஆளில்லாத அறைக்குள் கிரில் ஒருமுறை சொடுக்கியது.

"அதுக்கும் அடுத்தது?" என்று கேட்டாள் துஷாந்தினி. அவள் கை மயிர் இன்னும் படியவில்லை.